பிங்குக்குப் பதில் சொல்லாத பெட்டி

நானும் என் அண்ணியும் சேர்ந்து நெட்வொர்க் வேலை செய்கிறோம் என்று சொன்னால், பலர் முதலில் எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆண்பிள்ளை யாராவது வருகிறானா என்றுதான் பார்ப்பார்கள். வரமாட்டான். ஏணி அண்ணியுடையது, லேப்டாப் என்னுடையது. அண்ணி பல வருடம் தொலைபேசிக் கம்பி இழுக்கும் ஒரு காண்ட்ரெக்டரிடம் வேலை பார்த்தவர். கூரைமேல் நடப்பது அவருக்குக் கடைவாசல் நடைபாதையில், அஞ்சடியில், நடப்பது மாதிரி. நான் பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த மின்பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். பலகைக்கு மின்சாரம் கொடுத்து, ஒரு கேள்வி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பதில் சொல்லாத பலகையைச் சிவப்புத் தட்டில் தூக்கிப் போடுவதை யாரும் செய்யலாம். அது ஏன் பேசவில்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தத் தொழிற்சாலை எங்கள் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிய சமயத்தில் அண்ணிக்கும் அவருடைய காண்ட்ரெக்டருக்கும் ஒத்துப்போகாமல் ஆகியிருந்தது. டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டே அண்ணி கேட்டார்.

"நாமளே செஞ்சா என்னமா?"

நான் அதிகம் யோசித்ததாக நினைவில்லை. செபராங் ஜெயாவில் ஒரு தையல் கடைக்கு மேலே சின்ன அறை ஒன்று எடுத்தோம். முதல் வருடம் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கேமரா மாட்டினோம். பிறகு பள்ளிக்கூடம், கிளினிக் என்று ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படி வந்ததுதான் அந்த ரத்தச் சுத்திகரிப்பு மையத்தின் அழைப்பு.

அங்கே தலைமைத் தாதியாக இருந்தவரை எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நிதானமான குரல். போனில் அவர் சொன்னதை வைத்தே பாதி விஷயம் எனக்குப் புரிந்தது. மையம் இரண்டு கடைவீடுகளில் நடக்கிறது. முன்னால் ஒன்று, பின்பக்கச் சந்து ஒன்றைத் தாண்டி, முதுகோடு முதுகாக இன்னொன்று. பின்பக்கம் பிற்பாடு வாடகைக்கு எடுத்தது. அங்கேயும் படுக்கைகள், ரத்தம் கழுவும் இயந்திரங்கள். எந்த இயந்திரம் எச்சரிக்கை கொடுத்தாலும் முன்பக்கக் கவுண்டரில் உள்ள திரையில் தெரிய வேண்டும். இரண்டு கடைவீட்டுக் கம்பிகளையும் இணைத்து ஒன்றாக்குவதற்கு, முன்பு வேலை செய்த டெக்னீஷியன் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைப் பிரிட்ஜாக, அதாவது பாலமாக, வைத்துவிட்டுப் போயிருந்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். முன்பக்கத்துக் கம்பி ஒரு துளையில், பின்பக்கத்துக் கம்பி இன்னொரு துளையில். ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் தள்ளிவிடுவது அதன் வேலை.

ஒரு மழை நாளில் மின்சாரம் ட்ரிப் ஆகித் திரும்ப வந்தது. அன்றிலிருந்து கவுண்டர் திரையில் அந்தப் பெட்டிக்கு நேரே சிவப்பு. திரையில் உள்ள புரோகிராம் அடிக்கடி பெட்டியைக் கூப்பிட்டுப் பார்க்கும். பிங் என்று சொல்வோம். 'இருக்கியா?' என்று கேட்பது. 'இருக்கேன்' என்று பதில் வந்தால் பச்சை. பெட்டி பதிலே சொல்லவில்லை.

மையத்தின் தலைவர் உடனே ஓர் உத்தரவு போட்டுவிட்டார். சிவப்பு இருக்கும் வரைக்கும் பின்பக்க அறையில் தாதி ஒருவர், ஒரு மிஸ்ஸி, முழுநேரமும் உட்கார வேண்டும், பிற்பகலில் அங்கே யாரையும் படுக்க வைக்கக் கூடாது. இருக்கும் மிஸ்ஸிகளை வைத்து அப்படித்தான் செய்ய முடிந்தது. பிற்பகல் இடத்துக்காகச் சிலர் காத்திருந்தார்கள். ஒரு பெரிய கம்பெனி வந்து பார்த்து, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. தலைவர் இன்னொரு ஆளையும் கேட்டுப் பார்க்கச் சொன்னாராம்.

"நாங்க வந்து பார்க்கிறோம் சிஸ்டர். பெட்டி செத்துப்போச்சின்னு இன்னும் எனக்குத் தோணல," என்றேன்.

மறுநாள் காலை போனோம். கவுண்டரில் உட்கார்ந்து பெட்டியின் முகவரிக்குப் பிங் அனுப்பினேன். பதில் இல்லை என்கிற அதே வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தது. அண்ணி பின்பக்கம் போய், பெட்டியில் விளக்கு எரிகிறது, இரண்டு துளைகளிலும் பச்சை மினுக்குகிறது என்று போனில் சொன்னார். அடுத்து, பின்பக்க அறையில் மிஸ்ஸிகள் எடை பதிவு செய்யும் கம்ப்யூட்டருக்குப் பிங் அனுப்பினேன். அது உடனே பதில் சொன்னது.

அந்தப் பதில் பெட்டியைத் தாண்டாமல் என்னிடம் வர வழியே இல்லை. ஆக, பெட்டி உயிரோடிருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடத்துகிறது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் அதிகம் சந்தோஷப்படவில்லை. இயந்திரங்களின் எச்சரிக்கை முன்னால் வருவது அவருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தலைவரிடம் சொன்னபோது, சிவப்பு இருக்கும்போது அவசர நேரத்தில் எதை நம்புவது என்று அவர் கேட்டாராம். எனக்கு அந்தத் தலைவரைப் பார்க்காமலேயே பிடித்துப்போயிற்று.

அண்ணி திரும்பி வந்ததும் என்னை அஞ்சடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் உள்ள கம்ப்யூட்டர் பதில் சொல்கிறதே, புரோகிராமை அதைக் கூப்பிடும்படி மாற்றிவிட்டால் திரை பச்சையாகிவிடுமே என்றார். அவர் சொன்னது ஏமாற்று வேலை இல்லை. ஊரில் பல பேர் அப்படித்தான் செய்வார்கள். இணைப்பு வேலை செய்கிறது என்பதும் உண்மைதான்.

"அந்தக் கம்ப்யூட்டர் சுவிட்சை மிஸ்ஸி அடைச்சிட்டுப் போனா அப்பவும் சிவப்பு வரும் அண்ணி. அப்புறம் சிவப்பு வந்தா யாரும் திரும்பியே பார்க்க மாட்டாங்க."

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "சரிதான். அப்படின்னா உள்ள போயி அந்தப் பெட்டிக்கிட்டயே கேளு," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. எங்களுக்குள் ஒத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மனசில் பட்டதைச் சொல்லிவிடுவார். முடிவு எடுத்தபிறகு பின்னால் இழுக்க மாட்டார்.

பின்பக்க அறையில் படுக்கைகள் நிறைந்திருந்தன. பெட்டி இருந்த சுவர் அலமாரி, கடைசிப் படுக்கையின் தலைமாட்டுக்கு மேலே. படுக்கையில் இருந்தவர் முன்பு பிறையிலிருந்து ஜொகூர் வரைக்கும் லோரி ஓட்டியவர். ஒரு கையில் ஊசிகள் குத்தி ரத்தம் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அசைக்கக் கூடாது. நான் அவருடைய தலைக்கு மேலே கை நீட்ட வேண்டியிருந்தது, மன்னிப்புக் கேட்டேன்.

"நல்லா பாரு தங்கச்சி. நான் எங்க ஓடப் போறேன்," என்றார்.

பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் எனக்கு வேறொரு சந்தேகம். ஒரே முகவரியை இரண்டு பொருள்கள் வைத்துக்கொண்டால் இப்படி ஆகும். ஒன்றைக் கூப்பிட்டால் கேள்வி இன்னொன்றிடம் போய்விடும். அறையின் நடுச்சுவரில் பெரிய டிவி ஒன்று இருந்தது. அதன் பின்னால் படம் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று நெட்வொர்க்கில் செருகப்பட்டிருந்தது. அது எப்போது வந்தது என்று கேட்டேன். லோரி அண்ணன்தான் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். மின்சாரம் ட்ரிப் ஆன அதே வாரத்தில். கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் கம்பியை உருவினார். பழைய படம் ஒன்றில் கல்யாணக் காட்சி நடந்துகொண்டிருந்தது, அப்படியே நின்றுபோயிற்று. அறை முழுக்க என்னைப் பார்த்தது.

முன்பக்கத்திலிருந்து இழுத்து வந்த கம்பியில் லேப்டாப்பைச் செருகிப் பிங் அனுப்பினேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பினேன். இல்லை.

"எங்க டிவி ஒண்ணும் செய்யாது லா," என்றார் லோரி அண்ணன். கோபமில்லை, ஆனால் வருத்தம் இருந்தது. நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர்களுக்காகத் தன் வீட்டிலிருந்து தூக்கி வந்தது அது என்று பக்கத்துப் படுக்கை அம்மா சொன்னார். அண்ணி கம்பியைத் திரும்பச் செருகினார். கல்யாணம் தொடர்ந்தது.

எனக்கு வெட்கமாக இல்லை. சோதிக்கிற வேலையில் இருப்பவருக்கு ஒரு சந்தேகம் கழிந்துபோவதும் வரவுதான். தொழிற்சாலையில் நாளெல்லாம் அப்படித்தான் கழித்துக்கொண்டே வருவோம். டிவி இல்லை என்று இப்போது உறுதியாகத் தெரியும். மிச்சம் இருப்பது பெட்டிக்கு உள்ளேதான்.

உள்ளே போகக் கடவுச்சொல் வேண்டும். பெட்டியை அடைத்துத் திறந்து, உள்ளே எழுதியிருப்பதையெல்லாம் அழித்துப் புதுப் பெட்டி மாதிரி ஆக்கும் குறுக்குவழி இருந்தது. ஆனால் ஆட்கள் படுத்திருக்கும்போது அப்படிச் செய்தால் மொத்த அறையும் முன்பக்கத்திலிருந்து துண்டிக்கப்படும். நான் திரும்ப எல்லாவற்றையும் எழுதி முடிக்கும் வரைக்கும் எந்த எச்சரிக்கையும் கவுண்டருக்குப் போகாது. அதைச் செய்யப் போவதில்லை என்று சிஸ்டரிடம் சொன்னேன். பழைய டெக்னீஷியனின் நம்பர் அவரிடம் இருந்தது. அவர் இப்போது ஜொகூரில் இருக்கிறாராம், பல மாதமாகப் பேச்சு இல்லையாம்.

அவரைக் கூப்பிட்டேன். எடுப்பாரா என்றே தெரியவில்லை, எடுத்தார். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னதும், அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறதா என்று கேட்டார். குரலில் பெருமை. சிஸ்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவர்தான் என்னை அழைத்திருக்கிறார் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கடவுச்சொல்லைச் சொன்னார். அது சரியான முறை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

பெட்டியில் ஒரு திரையையும் கீபோர்டையும் நேராகச் செருகி உள்ளே போனேன். ஏணியின் மேல்படியில் கீபோர்டு, லோரி அண்ணனின் தலையணைக்குப் பக்கத்தில் அண்ணி பிடித்துக்கொண்டிருந்த சின்னத் திரை. முன்பக்கத்திலிருந்து பிங் போய்க்கொண்டே இருக்கும்படி விட்டுவிட்டு வந்திருந்தேன். பெட்டிக்குள் வருவதையும் போவதையும் ஒவ்வொன்றாகக் காட்டும் புரோகிராமை ஓடவிட்டேன்.

கேள்வி வந்துகொண்டிருந்தது. தவறாமல், ஒவ்வொன்றாக. பெட்டி அதைக் காதில் வாங்கிக்கொண்டது. பதில் சொல்லவும் முயன்றது. ஆனால், யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அந்தக் கவுண்டர் கம்ப்யூட்டரைப் பின்பக்கக் கம்பியில் தேடிக்கொண்டிருந்தது. அங்கே அது எப்படி இருக்கும்? இருப்பதோ முன்பக்கத்தில். தேடித் தேடிக் கிடைக்காமல், பதிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றது பெட்டி.

"என்னமா தெரியுது?" என்றார் அண்ணி.

"முன்வாசல்ல ஆள் நின்னு கூப்பிடுறாங்க. இது பின்வாசலைத் திறந்து யாருன்னு கேக்குது."

லோரி அண்ணன் சிரித்தார். சிரித்ததில் கை அசைந்து இயந்திரம் கீச்சிட்டது. மிஸ்ஸி வந்து குழாயைச் சரிசெய்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவரைச் சிரிக்க வைக்காமல் வேலை செய்தேன்.

காரணம் புரிந்துவிட்டது. இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒரு பிரிட்ஜ் ஆக்கியபிறகு, கம்பிகளுக்குத் தனித்தனி முகவரி இருக்கக் கூடாது. முகவரி பிரிட்ஜுக்குத்தான் சொந்தம். அப்போதுதான் அது இரண்டு பக்கமும் பார்த்துப் பதில் சொல்லும். இங்கே முகவரி பின்பக்கக் கம்பியின் பெயரில் இருந்தது. அப்படியென்றால் ட்ரிப் ஆவதற்கு முன்பு எப்படிப் பச்சையாக இருந்தது? பெட்டி எழும்போதெல்லாம் படித்துக்கொள்ளும் நிரந்தரக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். அதிலும் கம்பியின் பெயர்தான். மறுபடி ஜொகூருக்குப் போன் போட்டேன். அவர் முதலில் தவறாக எழுதியதையும், அன்றைக்கே பார்த்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் கையால் மாற்றிச் சரிசெய்ததையும் சொன்னார். நிரந்தரக் குறிப்பில் மாற்றுவதற்குள் மனைவிக்குப் பிரசவ வலி என்று வீட்டிலிருந்து போன். ஓடிப்போனார். பெட்டியும் ட்ரிப் ஆகும் வரைக்கும் சரியாகவே ஓடியது. மின்சாரம் போய் வந்ததும், எழுதி வைத்திருந்ததைப் படித்துக்கொண்டு பழைய தவறுக்கே திரும்பிவிட்டது.

"பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நடக்க ஆரம்பிச்சிட்டா அக்கா," என்றார்.

மாற்றுவது ஒரு வரி வேலை. ஆனால் மாற்றும்போது இணைப்பு ஒரு நொடி தடுமாறலாம். சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். இப்போதே செய்யலாமா, எல்லாரும் படுக்கையிலிருந்து எழுந்தபிறகு செய்யலாமா என்பது அவர் முடிவு. அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு இயந்திரத்தின் அழுத்தத்தையும் பார்த்தார். பிறகு ஒரு மிஸ்ஸியை வாசலில் நிற்க வைத்து, தானே நடுவில் நின்றுகொண்டு, செய்யுங்கள் என்றார். கம்பியிலிருந்து முகவரியை எடுப்பதையும் பிரிட்ஜுக்குக் கொடுப்பதையும் ஒரே கட்டளையாகச் சேர்த்து எழுதினேன். எழுதியதை அண்ணியிடம் எழுத்துக்கெழுத்து வாசித்துக் காட்டினேன். அவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் வாய்விட்டு வாசிக்கும்போது என் தவறு எனக்கே கேட்கும். தவறு எதுவும் கேட்கவில்லை. தட்டினேன்.

கவுண்டரில் இருந்த மிஸ்ஸி பின்சந்தைத் தாண்டி நடந்தே வந்து சொன்னார், பச்சை என்று.

பக்கத்துப் படுக்கை அம்மா கை தட்டப் பார்த்தார், ஊசி இருப்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் நல்ல நிறைவாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேலை முடியவில்லை. நிரந்தரக் குறிப்பில் முகவரியைச் சரியான இடத்தில் எழுதினேன். இனி பெட்டியை அடைத்துத் திறந்து பார்க்காமல், அது சரியாகிவிட்டது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதற்குக் காலைப் படுக்கைகள் காலியாக வேண்டும். தலைவரும் அந்த நேரத்துக்கு வருவதாகச் சிஸ்டர் சொன்னார்.

அண்ணியும் நானும் சாலைக்கு அந்தப் பக்கம் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். பிறை பக்கமிருந்து வரும் லோரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. அண்ணி கொஞ்சம் கவலையாக இருந்தார். தலைவர் மின்நிலையத்தில் பொறுப்பான வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் சும்மா விடமாட்டார் என்று மிஸ்ஸி ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். பெரிய கம்பெனிக்காரன் அவர் கேட்ட கேள்விகளுக்கு அப்புறம்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னானாம்.

"கேக்கட்டும் அண்ணி. நமக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லப் போறோம்," என்றேன். அண்ணி இரண்டாவது டீ, தே தாரேக், சொன்னார். அப்படிச் சொன்னால் சமாதானமாகிவிட்டார் என்று அர்த்தம்.

தலைவர் ஒல்லியான மனிதர், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் டார்ச் லைட். நான் என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று ஆரம்பத்திலிருந்து கேட்டார். டிவியைச் சந்தேகப்பட்டதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு லேப்டாப்பில் பதில் வரிகள் இறங்குவதைப் பார்த்தார்.

"இது எப்பவும் பதில் சொல்லிக்கிட்டே இருக்கும்னா எனக்கு அதால பிரயோஜனம் இல்ல. செத்தா செத்ததுன்னு தெரியணும்," என்றார்.

"சரி ஐயா. நீங்களே அடைங்க," என்றேன்.

பின்பக்க அறையில் அப்போது யாரும் இல்லை. விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த மிஸ்ஸி மட்டும். லோரி அண்ணன் கட்டுப் போட்ட கையோடு போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போக மகள் வரவில்லை என்றார். மகள் ஓட்டி வந்த காடி வாசலில் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். லேப்டாப்பை அறைக்கு நடுவே ஒரு தள்ளுமேசைமேல் வைத்து, முன்பக்கத்திலிருந்து வரும் நீளமான கம்பியில் அதைச் செருகினேன். தலைவர் கை உயர்த்திச் சுவிட்சை அடைத்தார். பதில்கள் நின்றன. கவுண்டரில் சிவப்பு என்று சிஸ்டரின் போனில் குரல் வந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

பெட்டியில் விளக்கு எரிந்தது. சிறிது நேரத்தில் இரண்டு துளைகளிலும் பச்சை வந்தது. லேப்டாப்பில் பதில் இல்லை.

பதில் இல்லை என்கிற வரி மறுபடியும் மறுபடியும் இறங்கியது. அண்ணி என் பக்கம் வந்து நின்றார். சிஸ்டர் கைகளைக் கட்டிக்கொண்டார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"விளக்கு எரியுதே," என்றார்.

"எரியும் ஐயா. ஆனா பிரிட்ஜ் எழுந்த உடனே பேசாது. ரெண்டு பக்கமும் வேற யாராவது இதே வேலையைச் செய்யிறாங்களான்னு முதல்ல கேட்டுப் பார்க்கும். அப்படி யாராவது இருந்து, இதுவும் பேச ஆரம்பிச்சா, ஒரே பேச்சு சுத்திச் சுத்தி வந்து மொத்தமும் அடைச்சுப் போயிடும். கேட்டு முடிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம் போல."

அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்படி நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அண்ணியின் மூச்சு எனக்குக் கேட்டது. கீபோர்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது உண்மை. தொடவில்லை. தொட்டிருந்தால் எதனால் சரியானது என்று எனக்கே தெரியாமல் போயிருக்கும். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன்.

முதல் பதில் வந்தது. அடுத்தது. பிறகு ஒழுங்காக, ஒன்றன்கீழ் ஒன்றாக. பச்சை என்று போனில் குரல் வந்தபோது லோரி அண்ணன் எழுந்து, மகள் வந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

தலைவர் இன்னொரு முறை அடைத்துத் திறந்தார். இந்த முறை சட்டைக் கையை விலக்கிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வந்ததும் தலையாட்டினார். மின்நிலையத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்தித் திரும்ப ஓட்டும்போதும் இப்படித்தான் நிற்போம், இளம் பையன்கள் பொறுக்காமல் எதையாவது தட்டிவிடுவார்கள் என்றார். பிறகு சிஸ்டரிடம், பிற்பகல் படுக்கைகளை அடுத்த வாரத்திலிருந்து திறக்கலாம், ஆனால் முதல் சில நாள் மிஸ்ஸி ஒருவர் பின்னாலும் இருக்கட்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒரு வார்த்தைகூட அதிகமாகப் படவில்லை. சிஸ்டர் அங்கேயே நின்று, காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போன் போட்டார். பேசும்போது அந்த நிதானமான குரல் கொஞ்சம் மாறியது.

வெளியே வந்ததும் அண்ணி ஏணியைக் காடியின் கூரைமேல் கட்டினார். கட்டி முடித்து, கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "நீ அங்க ஒண்ணும் செய்யாம நின்னியே, எனக்குப் பயமாப் போச்சு," என்றார்.

"எனக்கும்தான். ஆனா வரும்னு தெரியும்."

"தெரியும்னா முன்னாடியே என்கிட்ட சொல்லித் தொலைக்கலாம்லா," என்றார். அது நியாயம். அதற்குப் பிறகு எந்தச் சோதனைக்கு முன்னாலும், என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், நடுவில் எது பயமுறுத்தும் என்று அங்கே இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

அடுத்த வாரம் பிற்பகலில் பின்சந்து வழியே போகும் கம்பிக்கு வெயில் தாங்கும் குழாய் போடப் போனோம். அண்ணி வெளியே ஏணியில் இருந்தார். நான் அறைக்குள் கம்பியின் மறுமுனையைப் பார்க்கப் போனேன். ஜன்னல் ஓரத்துப் படுக்கையில் புதிதாக ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். மடியில் பலகை வைத்து, ஊசி இல்லாத கையால் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் பிறை ஆற்றின் அந்தக் கரையில் தூரத்தில் இருக்கும் மையத்துக்கு விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தவராம். இப்போது காலையில் வகுப்பை முடித்துவிட்டு வர முடிகிறது. நான் யார் என்று பக்கத்தில் நின்ற சிஸ்டரிடம் கேட்டார். சிஸ்டர் பதில் சொல்வதற்குள் நானே சொன்னேன், லைன் பார்க்கிற ஆள் என்று.

"அப்படின்னா ஒண்ணு கேக்கணும் அக்கா. இங்க படுத்துக்கிட்டே பிள்ளைங்களுக்குப் பாடம் அனுப்ப முடியுமா? என் போன்ல இந்த மூலைக்கு லைன் வரல."

ஜன்னலைத் தட்டி அண்ணியைக் கூப்பிட்டேன். அவர் ஏணியில் நின்றபடியே குனிந்து மூலையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, எந்த இடத்தில் துளை போடலாம் என்று விரலால் காட்ட ஆரம்பித்தார்.